சின்னராசு ஓடப் பழகியது

மாமனார் நொண்டுகிறார் என்பது மணிமொழிக்கு முதலில் காதில்தான் பட்டது.

விடிந்தும் விடியாத நேரம். அடுப்படியில் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் சிமெண்டுத் தரையில் ஒரு கால் அழுத்தமாக விழுந்தது, இன்னொரு கால் தேய்ந்துகொண்டு வந்தது. ஐந்து வருஷமாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவளுக்கு எட்டிப் பார்க்காமலே எந்தக் கால் என்று தெரிந்தது. வலது கால். முட்டிக்குக் கீழே எங்கேயோ.

தெரிந்து என்ன செய்ய? போய்க் கேட்கிற மாதிரியான பழக்கம் அவர்களுக்குள் இல்லை.

கல்யாணமாகி இரண்டரை வருஷத்தில் சின்னராசு அவளிடம் நேராகப் பேசியது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். பைக்கிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்த அவர் மகன் தமிழழகனுக்கு ஒரு மாதம் கால் மடக்கப் பழக்கியவள் அவள்தான். பழக்கம் கல்யாணத்தில் வந்து நின்றது. தமிழழகன் வீட்டுக்குத் தியாகதுருகம் பக்கத்தில் நாலு ஏக்கர் சொந்த நிலம். மணிமொழியின் அப்பா அம்மா ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சாதியும் வேறு. பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு இருவரும் வாசலில் வந்து நின்றபோது சின்னராசு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு வாய் மூடியவர்தான். கோபமாக ஒரு சொல் கிடையாது, குத்தலாக ஒரு சொல் கிடையாது. பேச்சே கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவி கொளஞ்சியம்மாளைப் பார்த்துச் சொல்வார். "அந்தப் புள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு." அந்தப் பிள்ளை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்.

தமிழழகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் இவர்கள் மூன்று பேர்தான்.

சின்னராசு ஓட ஆரம்பித்தது பொங்கல் கழிந்து நாலாம் நாள். ஐம்பத்தாறு வயது. அதுவரைக்கும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட வேகமாக நடக்காத மனிதர். ஒருநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய் நீல நிற ஷூ ஒன்று வாங்கி வந்தார். மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? "இன்னா சின்னராசு, போலீசுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், மனிதர் நடப்பதை ஓட்டமாக்கிக்கொண்டார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறே வாரத்தில் இந்த நொண்டல்.

கொளஞ்சியம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஊர்ல இருக்கறவங்க காலையெல்லாம் புடிச்சி நடக்க வெக்கிற. உங்க மாமா காலு உன் கண்ணுல படலியா?"

"பட்டுது அத்த. அவரு வாயத் தொறந்து சொன்னாத்தான?"

"அவரு சொல்லுவாரு! அதுக்குள்ள நீ கெழவி ஆயிடுவ. வா."

சின்னராசு கூடத்தில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மருமகள் வருவதைப் பார்த்ததும் வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

"வேணாம் வேணாம்" என்றார் மனைவியிடம். "மருமவப் புள்ள வந்து என் காலத் தொடறதா? இன்னா பேச்சு இது? ரெண்டு நாள்ல போயிடும்."

"நான் தொடல மாமா" என்றாள் மணிமொழி. அவரிடம் அவளாக ஆரம்பித்த முதல் பேச்சு அது. "நான் இங்கயே உக்காந்துக்கறேன். நீங்களே தொட்டுச் சொல்லுங்க."

சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் ஐந்தடி இடைவெளி. அவர் மனைவியைப் பார்த்தார். கொளஞ்சியம்மாள் அசையவில்லை.

"கட்டை வெரலால எலும்போட உள்பக்க ஓரத்த அமுக்கிக்கினே மேலேருந்து கீழ வாங்க மாமா. எங்க வலிக்குதுன்னு பாருங்க."

அவர் அமுக்கினார். பாதி வழியில் முகம் சுருங்கியது.

"ஊசி குத்தற மாதிரி ஒரே எடத்துலயா, இல்ல பரவலா இருக்குதுங்களா?"

"பரவலாத்தான். ஒரு சாண் இருக்கும்."

"சும்மா படுத்திருக்கும்போது வலிக்குதுங்களா?"

"இல்ல. ஓடி முடிச்சாத்தான்."

மணிமொழிக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. எலும்பில் விரிசல் விட்டிருந்தால் வலி ஒரே புள்ளியில் நிற்கும், படுத்தாலும் விடாது. இது அதற்கு முந்தின கட்டம். ஓடிப் பழகாதவர்கள் எடுத்த எடுப்பில் ஓடினால் வருவது.

"ரெண்டு வாரம் ஓடாதீங்க மாமா. நடக்கலாம். ஐஸ் வெக்கலாம். வலி போவலன்னா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்."

இரண்டு வாரம் ஷூ வாசலிலேயே கிடந்தது. பதினைந்தாம் நாள் காலை மணிமொழி பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலி இல்ல. எப்பம்மா ஓடலாம்?"

அவள் நின்று திரும்பினாள். கொளஞ்சியம்மாள் அக்கம்பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவளிடம்தான் கேட்கிறார்.

"ஓடலாம் மாமா. ஆனா நீங்க எப்படி ஓடறீங்கன்னு ஒரு தடவ நான் பாக்கணும்."

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்விட்டார். சாயங்காலம் பதில் மாமியார் வழியாக வந்தது. "நீ பாக்க ஓடறதுக்கு அவருக்குக் கூச்சமா இருக்குதாம்."

"நான் பாக்கல அத்த. முதுகக் காட்டிக்கினு உக்காந்துக்கறேன். சத்தம் கேட்டா போதும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாள் விடியலில் ஏரிக்கரை மதகுக் கட்டையில் மணிமொழி தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். முக்கால் ஏரி வற்றிக் கிடந்தது. மிச்சத் தண்ணீரில் நீர்க்கோழிகள் மேய்ந்தன. அவளுக்குப் பின்னால் கரைமேல் சின்னராசு ஓடினார்.

தொம். தொம். தொம்.

ஒவ்வொரு அடியும் அவள் உட்கார்ந்திருந்த கட்டையில் உறைத்தது. இந்த ஒல்லி உடம்பிலிருந்து இவ்வளவு சத்தம் வருமா என்று அவளுக்கு ஆச்சரியம். அவர் போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றார். அவள் திரும்பவில்லை.

"மாமா, நீங்க கால முன்னால எட்டி வீசறீங்க. முட்டிய மடக்காம குதிகால் மொதல்ல வந்து இடிக்குது."

"பாக்காமயே சொல்ற?"

"கேட்டுது மாமா."

"எல்லாரும் அப்படித்தான ஓடறாங்க?" என்றார்.

"சில பேரு ஓடறாங்க, ஒண்ணும் ஆவறதில்ல. உங்க எலும்புக்கு இது புதுசு. ஓடறது தப்பில்ல மாமா, ஊனறதத்தான் மாத்திக்கணும். பூமியில அடிக்கிற அடியெல்லாம் திரும்பி அந்த எலும்புக்குத்தான் போவுது."

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"சத்தம் கம்மியா ஓடுங்க. அது போதும்."

பெரிதாகச் சொல்லிவிட்ட திருப்தியில் அவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மூன்று நாளும் மலையில் வேலை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கல்வராயன் மலையில்தான் போட்டிருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், விழுந்து எலும்பு முறிந்தவர்கள் என்று வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். விடியலில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். நாலாம் நாள் காலையில் பார்த்தால் சின்னராசு சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இந்த முறை பின்னங்கால், கெண்டைச் சதை கல்லாட்டம் இறுகிக் கிடந்தது.

"எப்படி ஓடினீங்க மாமா?"

"நீ சொன்னமேரிதான். சத்தமே வரக் கூடாதுன்னு நுனிக்கால்ல ஓடினேன்."

மூன்று நாள் திருடன் மாதிரி விரல் நுனியிலேயே ஓடியிருக்கிறார். மணிமொழிக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது யார்? நோயாளியாக இருந்தால் இப்படி விட்டிருப்பாளா? மாமனார் என்கிற பயத்தில் பாதிப் பேச்சோடு ஓடி வந்துவிட்டாள்.

"தப்பு என்னுது மாமா" என்றாள். "சரியா சொல்லிக் குடுக்காம வுட்டுட்டேன்."

சின்னராசு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"வுடு வுடு" என்றார். "மொதல்லேருந்து சொல்லு."

ஒரு வாரம் கழித்து மறுபடியும் தொடங்கினார்கள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, அவ்வளவுதான். மணிமொழி மதகில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, காலடிகளை எண்ணினாள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு.

"நூத்தியறுபது வந்தா நல்லது மாமா. வேகமா போவக் கூடாது. வேகம் அதேதான், அடி மட்டும் சின்னதா, நெறையா. கால் உங்களுக்கு முன்னால போயி வுழாம உங்களுக்கு அடியிலயே வுழணும்."

தாளம் புரிவதற்காக அவள் கை தட்டிப் பார்த்தாள். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். சின்னராசு ஓட்டத்தை விட்டுவிட்டு, ஏதோ கன்றுக்குட்டியைத் தேடுகிறவர் மாதிரி கரையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் அன்றோடு முடிந்தது. கைப்பேசியில் டக் டக் என்று அடிக்கும் ஒன்றைக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். காது கூசுகிறது என்று அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அவராகவே கேட்டார். "ஏம்மா, சேத்து வரப்புல நாத்துக் கட்டத் தூக்கிக்கினு போவாங்களே, அதுமேரியா?"

மணிமொழி ஒரு கணம் யோசித்தாள். சின்ன வயதில் அம்மாவுக்குப் பின்னால் அப்படிப்பட்ட வரப்பில் அவளும் போயிருக்கிறாள். தலையில் பாரம். வழுக்கும். எட்டி வைத்தால் சேற்றில் விழ வேண்டியதுதான். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, குட்டிக் குட்டியாக, வெடுக் வெடுக்கென்று வைத்துப் போக வேண்டும்.

"அதேதான் மாமா! அதேதான்!" என்று அவள் கத்தியதில் நீர்க்கோழிகள் எழும்பிப் பறந்தன.

சின்னராசு ஓடினார். தொம் தொம் என்ற சத்தம் நின்றுவிட்டது. ஈரத் துணியை மெல்லத் தட்டுவது போல ஒரு சத்தம், பொத்துப் பொத்தென்று, சீராக, அவளைக் கடந்து போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சந்தோஷத்தில் எண்ணவே மறந்துவிட்டாள்.

பங்குனி முடிகிற வரைக்கும் இப்படிப் போனது. ஒரு நிமிஷம் மூன்றானது, மூன்று ஐந்தானது. முன்னெலும்பு வலி திரும்ப வரவில்லை. அவர்களுக்குள் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, எல்லாம் காலைப் பற்றித்தான். "இன்னிக்கு எப்படி?" என்பார் அவர். "போற வழி நல்லா இருந்துச்சி, வரும்போது சத்தம் ஜாஸ்தி" என்பாள் அவள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. கரையின் கோடியில் கருவேல மரங்கள் இருக்கின்றன. தினமும் அவற்றைத் தாண்டியதும் அவர் ஓட்டம் கெட்டுப்போனது. மெத்தென்று போய்க்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று வேகமெடுக்கும். பழைய தொம் தொம் வந்துவிடும். அப்புறம் ஒரேயடியாக நின்றுபோகும். களைப்பு என்று முதலில் நினைத்தாள். ஆனால் களைத்தவன் வேகமெடுப்பானா?

"அந்த மரத்தாண்ட போனதும் இன்னா ஆவுது மாமா?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

சித்திரையில் ஒருநாள் வெள்ளிமலைக்குப் போகும் பஸ் வரவில்லை. மணிமொழி நிறுத்தத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். மேலே வேடியப்பன் என்றொரு மலைக்காரர் அவளுக்காகக் காத்திருப்பார். பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். வாக்கரைவிட்டு முதல்முறையாக இன்றைக்குத் தனியாக நிற்கவைப்பதாகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் போன் செய்து அத்தையிடம் புலம்பினாள். கால்மணி நேரத்தில் சின்னராசு பைக்கோடு வந்து நின்றார்.

"ஏறு. நான் வுட்டுட்டு, இருந்து இட்டாந்துடறேன்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினார்கள். வளைவுகளில் வண்டி சாயும்போது எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மணிமொழி பின்கம்பியை இறுக்கிக்கொண்டாள். மேலே காற்று குளுகுளுவென்று அடித்தது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போ, நான் இப்படி இருக்கறேன்" என்றார் அவர். ஷூ போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

வேடியப்பன் வாக்கரை விட்டு நின்றார். எட்டு நொடி. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயிற்சியெல்லாம் முடித்து மணிமொழி வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வீடு சரிவில் இருந்தது. கீழே சாலை வளைந்து வளைந்து கிடந்தது. அதில் சின்னராசு ஓடிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாளில் அவர் ஓடுவதை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. அப்படியே நின்று பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முதுகு நேராக, அடி சின்னச் சின்னதாக, அழகாக ஓடினார். முதல் வளைவைத் தாண்டினார். இரண்டாவது வளைவில் ஏதோ நடந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. கைகள் காற்றைக் கிழித்தன. கால்கள் எட்டி எட்டி விழுந்தன. வாயைத் திறந்துகொண்டு, எதிரே யாரையோ கூப்பிடப் போகிறவர் மாதிரி ஓடினார். பிறகு நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

மணிமொழி சரிவில் இறங்கிப் போனாள். அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். அவராகவேதான் சொன்னார்.

"தங்கதுர போன அன்னிக்கி நான்தான் கூட இருந்தேன். தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். தங்கதுரை அவருடைய தம்பி. போன ஆவணியில் மரவள்ளிக் காட்டில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அந்தப் பதினாறு நாளும் மணிமொழி அந்த வீட்டில்தான் பாத்திரம் கழுவினாள்.

"மோட்டார் கொட்டாயாண்ட நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துட்டான். போன்ல டவரே இல்ல. ரோட்டுக்கு ஓடினேன், எதுனா வண்டிய நிறுத்தலாம்னு. முக்கா கிலோமீட்டரு இருக்கும். ரெண்டு தடவ நின்னுட்டம்மா. மூச்சே வரல. ரெண்டாவது தடவ உக்காந்தே போயிட்டேன். அங்க அவன் கெடக்கறான். இங்க நான் வரப்புல உக்காந்துக்கினு இருக்கறேன்." கையிலிருந்த பாட்டிலைக் கல்லில் வைத்தார். "ஒரு மனுசனுக்கு முக்கா கிலோமீட்டரு ஓடத் தெரியாதா? சொல்லு. ஓடத் தெரிஞ்சிருந்தா அவன் இருந்திருப்பானில்ல?"

அதனால்தான் ஷூ. அதனால்தான் தம்பி இல்லாத முதல் பொங்கல் முடிந்ததும் கிளம்பினார். சர்க்கரைக்காகவும் இல்லை, டாக்டர் சொன்னதற்காகவும் இல்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த வரப்பு அவர் காலடியில் வந்துவிடுகிறது.

'அதெல்லாம் இல்லை மாமா, போகிற உயிர் போய்த்தான் இருக்கும்' என்று மணிமொழியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் போகிற வீடுகளிலெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள். இன்னும் சீக்கிரம் கூட்டிப் போயிருந்தால்? அப்போதே மருந்து கொடுத்திருந்தால்? பொய் சொல்லி ஆற்றிவிடலாம். ஆனால் இந்த மனிதர் தன் காலை அவள் காதை நம்பி விட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியல மாமா" என்றாள். "சீக்கிரம் போயிருந்தா பொழச்சிருப்பாரா இல்லியான்னு யாராலயும் சொல்ல முடியாது. சும்மா சமாதானத்துக்காக நான் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு தெரியும். அதுவரைக்கும் ஓடியே பழக்கமில்லாதவங்க யாரா இருந்தாலும் அவ்ளோ தூரத்துல நின்னுதான் ஆவணும். உங்களுக்குப் பாசம் கம்மின்னு நிக்கல. நுரையீரல் தாங்காம நின்னீங்க, அவ்ளோதான்."

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"சின்ன அத்தையாண்ட இத சொன்னீங்களா மாமா?"

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்லுவேன்?" தங்கதுரையின் மனைவி சாலம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். காரியம் முடிந்ததிலிருந்து அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அரிசி, காய்கறி எல்லாம் கொளஞ்சியம்மாள் கையில்தான் போகும்.

"நான் கூட வரேன்" என்றாள் மணிமொழி.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். சாலம்மாள் கூடத்தில் நிலக்கடலை மூட்டையைப் பிரித்துவைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மூத்தாரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்னராசு உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, மலையில் சொன்ன அத்தனையையும் சொன்னார். இரண்டு தடவை நின்றதையும் சொன்னார். உட்கார்ந்துவிட்டதையும் சொன்னார்.

சாலம்மாள் மெல்ல முறத்தருகே உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேன் மாமா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நான் அந்தப் பக்கம் வரப்புல சோறு எடுத்தாந்துக்கினு இருந்தேன். நீங்க ஓடறதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. உங்க செருப்பு ஒண்ணு அந்துபோச்சி. துண்டு வுழுந்துச்சி. உக்காந்தீங்க, அதையும் பாத்தேன். அப்புறம் கைய ஊனி எழுந்து வெறுங்காலோட மறுபடியும் ஓடினீங்க. நான் தூக்குவாளியப் போட்டுட்டு அவராண்ட ஓடிட்டேன்." புடவையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டாள். "நீங்க வண்டியோட வரும்போது நான் அங்க இருந்தனே, எப்ப வந்தன்னு நீங்க கேக்கவே இல்ல. அவரு தனியா இல்ல மாமா. தலைய மடியில வெச்சிக்கினு இருந்தேன். 'அண்ணன் ஓடறாரு, வண்டி வந்துடும்'னு சொன்னேன். கேட்டுச்சி அவருக்கு. தலைய ஆட்டினாரு."

சின்னராசு நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"அதுக்கப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரல" என்றாள் சாலம்மாள். "நான் இன்னா தப்பு செஞ்சேன்னு தெரியாம தெனம் யோசிச்சிக்கினு இருந்தேன்."

சின்னராசு கையை நீட்டி முறத்திலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். மணிமொழியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேருமாக அந்த மூட்டையில் பாதியை முடித்தார்கள். கிளம்பும்போது சாலம்மாள், "சாயங்காலம் வறுத்துக் குடுத்தனுப்பறேன், சக்கர இருக்கறவரு ஜாஸ்தி தின்ன வேணாம்" என்றாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கருவேல மரத்தைத் தாண்டியதும் சில நாள் அந்தத் தொம் தொம் வந்துதான் தீர்ந்தது. அப்போதெல்லாம் மதகிலிருந்து மணிமொழி, "மாமா, சேத்து வரப்பு!" என்று குரல் கொடுப்பாள். அடி சின்னதாகும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை என்றாகி, பத்து நாளுக்கு ஒருமுறை என்றானது. வைகாசி பிறந்தபோது நிற்காமல் இருபத்தைந்து நிமிஷம் ஓடினார். வலியில்லை. இப்போது அவள் திரும்பி உட்கார்ந்தே பார்த்தாள். அவருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

அந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை தமிழழகன் ஓசூரிலிருந்து வந்தான். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ சண்டை என்று நினைத்தான். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

கூடத்தில் அவன் அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எதிரே அவன் மனைவி, அவரைவிட ஒரு படி சத்தமாக.

"அஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஓரடி ஓடக் கூடாதுங்க மாமா! சொல்லிட்டேன்!"

"மலையில கோடை விழா ஓட்டத்துல பத்து கிலோமீட்டரு ஓடறவங்களுக்குத்தான் பனியன் தராங்களாம்!"

"பனியன் நான் வாங்கித் தரேன்!"

"நீ வாங்கித் தர பனியன நான் ஏன் போடறேன்? ஓடி வாங்கினாத்தான பனியன்!"

"அடுத்த வருசம் பத்து ஓடுங்க. இந்த வருசம் அஞ்சு. எலும்புக்கு அவகாசம் வேணும்னு எத்தினி தடவ சொல்றது?"

"எட்டு?"

"அஞ்சு!"

தமிழழகன் மெல்ல அம்மா பக்கம் நகர்ந்தான். கொளஞ்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா நடக்குது இங்க?"

"காலையிலேருந்து இதான். சாலம்மா சித்தி வந்து பஞ்சாயத்து பண்ணிப் பாத்துட்டு அவளும் வூட்டுக்குப் போயிட்டா" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "நீ நடுவுல போயி மாட்டிக்காத. கை கால் கழுவிக்கினு வா, சாப்புடு."

அவன் பின்கட்டுக்குப் போனான். தொட்டித் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொள்ளும்போதும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆறு, அம்மாடி. ஆறுக்காவது ஒத்துக்க."